கடைசியில் சாப்பிட்ட இரண்டு பேர்

அந்த மென்பொருளை எங்கள் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்த மனிதரை நான் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன், பிறகு எத்தனை தரம் கும்பிட்டிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். கொழும்பிலிருந்து வந்தார். பெரிய டீவியில் கணக்குகளை எல்லாம் கலர் கலராகக் கம்பங்களும் வட்டங்களுமாக்கிக் காட்டினார். இனிமேல் அறிக்கை கேட்டு யாரும் யார் பின்னாலும் அலைய வேண்டியதில்லை, கேள்வி யாருக்கு வருகிறதோ அவரே வேண்டியதைத் திரையில் இழுத்துப் போட்டுப் பதிலை எடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குக் காதில் தேன் ஊற்றியது மாதிரி இருந்தது.

ஏனென்றால் அந்த அறிக்கைகளை எல்லாம் போட்டுக் கொடுக்கிற அடிமை நான்தான். பலாபத்வலைக்குப் பக்கத்தில், மிளகும் கறுவாவும் கராம்பும் தூளாக்கிப் பைக்கட் போடுகிற தொழிற்சாலை அது. ஒஃபிசில் கம்பியூட்டரில் பதிகிற வேலை எனக்கு. காலையில் வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் ஒருவர் வந்து நிற்பார். "தங்கச்சி, போன மாசம் எத்தனை மூடை மிளகு வந்துச்சு?" அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் அடுத்தவர். கோபம் வந்தால் நான் சும்மா இருக்கிறவள் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் எல்லாம் வயதானவர்கள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக் கொடுப்பேன்.

அதனால் பயிற்சி முடிந்ததும், மற்றவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று மெனேஜர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். ஒரு தரம் சொல்லிக் கொடுத்துவிட்டால் இவர்கள் தொல்லை விட்டது என்ற கணக்கு. விட்டதா? பிடித்தது.

தொழிற்சாலைக்கே பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். பைக்கட் போடுகிற பகுதியில் இருந்த அக்கா, யார் எந்தக் கிழமையில் பிந்தி வருகிறார்கள் என்று ஒரு வட்டம் போட்டாள். அதில் திங்கட்கிழமைத் துண்டு பூசணிக்காய்க் கீற்று அளவுக்கு இருந்தது. காயவைக்கிற பகுதிக்காரர் மழையையும் மிளகின் ஈரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, மழை பெய்தால் மிளகு காயாது என்று கண்டுபிடித்தார். அதைச் சொல்ல அவருக்குப் பத்து வர்ணம் தேவைப்பட்டது. வாசலில் நிற்கும் காவலாளி திரையில் தனக்குக் கிடைத்த பக்கம் முழுவதையும் கத்தரிப்பூ நிறமாக்கிவிட்டு அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் தினமும் என்னிடம் வந்தார். தேத்தண்ணி நேரத்தில்கூட ஆட்கள் கம்பத்தைப் பற்றியே பேசினார்கள். நானும் சிரித்துச் சிரித்து, ஒவ்வொருவரிடமும் ஓடி ஓடி, அந்த நாட்களில் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

கால் பாவாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

மிசின்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். வஹகோட்டைக்காரர், கத்தோலிக்கர். வீட்டில் சிங்களம், என்னிடம் தமிழ், மாதாவிடம் இரண்டிலும் பேசுவார் என்று நினைக்கிறேன். எந்த மிசின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு பக்கம் போட வேண்டுமென்று வந்தார். அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடிய விஷயம். அவர் மூன்று வாரம் கற்றார். மக்கு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவர் முதல் நாளே கற்றுவிட்டார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும்போதுதான் மிசின் நிற்கும், அப்போதுதான் அவர் எண்ணெய் விட முடியும். அதனால் அவர் கடைசியில்தான் சாப்பிடுவார். எனக்கும் திடீரென்று அந்த நேரத்தில் பதிவு வேலை கூடிப்போய்விட்டது. ஆளில்லாத கென்டீனில் ஒரு மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சாப்பிடுவோம். பின்னேரம் அவர் மோட்டர் சைக்கிளில் ஒரு பக்கம் போவார், நான் பஸ்ஸில் தோட்டத்துப் பக்கம் போவேன். எங்களுக்கு என்று இருந்தது அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான். அதில் எவ்வளவு பேசினோம், எவ்வளவு சிரித்தோம், ஒருநாள் பருப்புக்குப் பதில் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அதுகூடத் தெரியாமல் எழுந்து போனேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கென்டீனில் சமைப்பவர் என் அப்பா.

அப்பா விடியுமுன்பே அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். வில்கமுவவிலிருந்து வரும் அரிசிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்குவார். சோறு, கறி எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக மூடி வைத்தால் ஆட்களே போட்டுச் சாப்பிட்டுக்கொள்வார்கள். வாசலில் ஒரு மிசின் இருக்கும், விரலை வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும், பெயரையும் நேரத்தையும் அது பதிந்துகொள்ளும். சாப்பாட்டை வைத்துவிட்டால் அப்பா பின்னால் போய் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் பாயை விரித்துப் படுத்துவிடுவார். அதற்குப் பிறகு கென்டீனில் யார் வந்தார்கள், யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் அந்தக் குறட்டையை நம்பித்தான் வாழ்ந்தோம்.

வீட்டில் அம்மா என் சாதகத்தை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், ஃபிட்டர் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். அம்மாவிடம் இதைச் சொல்கிற துணிவு எனக்கு இல்லை. அம்மாவிடம் எதையும் சொல்கிற துணிவு அப்பாவுக்கே கிடையாது. அப்பாவுக்குத் தெரிந்தால் பாவம், அவர் இரண்டு பக்கமும் இடிபடுவார். ஒருவேளை என்னோடு பேசவே மாட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் மெனேஜர் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சமைக்கிற சாப்பாடு ஒரு கணக்கு, சாப்பிடுகிறவர்கள் ஒரு கணக்கு என்று தோன்றுகிறது, மிச்சம் எல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார். மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் இந்த மென்பொருள் வந்த பிறகு எல்லோரையும் போல அவருக்கும் கேள்வி கேட்கிற நோய். அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அன்று பின்னேரமே என் மேசைக்கு வந்தார்.

"புள்ள, அந்த இழுத்துப் போடுற வித்தைய எனக்கும் காட்டு. எவ்வளவு சமைக்கிறேன், எத்தன பேரு திங்கிறாங்கன்னு அந்தத் தொரைக்கு நானே காட்டுறேன்."

சொல்லிக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். என் அப்பா, வெங்காயம் நறுக்குகிற விரலால் மவுஸைப் பிடித்து, நேரத்தைக் கீழேயும் ஆட்களைப் பக்கத்திலும் இழுத்துப் போட்டு, கம்பம் கம்பமாக எழும்பியதைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தார். அவர் அதைத் தூண் என்றார். ஃபில்டர் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. யாரை வேண்டுமானாலும் எடுத்துவிட்டுப் பார்க்கலாம், திரும்பச் சேர்த்தும் பார்க்கலாம் என்பது அவருக்கு அதிசயமாக இருந்தது. மெனேஜரை எடுத்துவிட்டுப் பார்த்தார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அப்போதுதான் அவர் விரல் திரையின் ஓரத்தில் போய் நின்றது. நடுவில் உயர உயரமாகக் கம்பங்கள். எல்லாம் முடிந்து, ஒரு வெற்றிடம் விட்டு, கடைசியில் தனியாக ஒரு குட்டிக் கம்பம்.

"இது யாரு, எல்லாரும் போனதுக்கப்புறம் ரெண்டு பேரு?"

"யாராவது இருப்பாங்க."

"தெனமும் இருக்காங்களே. பாவம், ஆறின சோத்தத் தின்னுட்டுப் போறாங்க. கூட்டத்துல கேட்டுப் பாப்போம், யாருன்னு தெரிஞ்சா ஒரு சட்டியில தனியா மூடி வச்சிடலாம்."

அந்த அன்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், சொல்லுங்கள். மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு பகுதியும் தன் பக்கத்தை எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். கம்பத்தைத் தொட்டால் பெயர் வரும் என்பதை நான் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் மற்ற எல்லோருக்கும், நல்ல ஆசிரியை நான், விழுந்து விழுந்து சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் அப்பாவின் பக்கத்தைத் திறந்தேன். ஃபில்டரில் பெயர்ப் பட்டியல் இருந்தது. என் பெயருக்கு முன்னால் இருந்த சரி அடையாளத்தை எடுத்தேன். ஃபிட்டருடையதையும் எடுத்தேன். குட்டிக் கம்பம் இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. மதியம் அதைப் பெருமையாக அவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அது நல்லா இல்ல. நாங்க சாப்பிட்டோம் தானே. நான் அங்கிளோட நேரா பேசுறேன்."

"நீங்க பேசாம சாப்பிடுங்க" என்றேன். அவர் பேசாமல் சாப்பிட்டார், ஆனால் அன்று சிரிக்கவில்லை.

கூட்டத்துக்கு அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். பகுதித் தலைவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஃபிட்டர் கதவோரம் நின்றார், கையில் கிரீஸ் இருந்ததால் உட்காரவில்லை. அப்பா தன் பக்கத்தைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பது மாதிரி, இது தூண், இது நேரம், இது சமைத்தது, இது சாப்பிட்டது என்று காட்டிக்கொண்டு வந்தார். எனக்கே பெருமை தாங்கவில்லை.

மெனேஜர் மேலே இருந்த இரண்டு எண்களையும் பார்த்தார். "சமைக்கிறத விட சாப்பிடுறது ரெண்டு குறையுதே. ஒவ்வொரு நாளும் குறையுது. நான் சொன்னது இதத்தான்."

ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லை. குட்டிக் கம்பத்தை மறைக்கத் தெரிந்த எனக்கு, அந்த இரண்டு பேரும் கூட்டுத்தொகையிலும் இருப்பார்கள் என்று தெரியாமலா போனது? ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவள் நான். என் அப்பாவை அத்தனை பேர் முன்னால் சோறு வீணாக்குகிறவராக்கி உட்காரவைத்துவிட்டேன்.

"இல்ல சேர்" என்றார் அப்பா. "எல்லாருமே சாப்பிடுறாங்க."

"சிஸ்டம் அப்படிச் சொல்லலையே."

அப்பா திரையை உற்றுப் பார்த்தார். "கடைசித் தூண் ஒண்ணு இருந்துச்சு. காணோம். பொறுங்க சேர், ஃபில்டரப் பாப்போம்."

நான் எழுந்துவிட்டேன். "அப்பா, நான் பாக்குறேன்."

"நீ உக்காரு. நீ சொல்லிக் குடுத்தது தானே, எனக்குத் தெரியும்."

பட்டியல் டீவி முழுவதும் விரிந்தது. அப்பா மெதுவாகக் கீழே இறக்கினார். சரி, சரி, சரி என்று வந்துகொண்டே இருந்தது. என் பெயருக்கு முன்னால் வெறும் பெட்டி. அப்பா இன்னும் இறக்கினார். ஃபிட்டர் பெயருக்கு முன்னால் வெறும் பெட்டி. வேறு எங்கும் இல்லை. பைக்கட் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறையில் என்ன நடந்தது என்று புரியாத ஒரு ஆளும் இல்லை. இருநூறு பேருக்கு நடுவில் யாரும் தேடியிருக்க மாட்டார்கள், நானே இரண்டு பேரையும் தனியாக எடுத்துக் காட்டியிருந்தேன்.

"யாரு எடுத்தது?"

"நான்தாம்ப்பா."

"ரெண்டு பேருமா கடைசியில சாப்பிடுறீங்க?"

"ஆமாப்பா."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸ் அம்பு என் பெயருக்கு ஏறியது. சரி போட்டார். எண் ஒன்று கூடியது. பிறகு அம்பு இறங்கி ஃபிட்டர் பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கேயே நின்றது. நான் மாரியம்மனையும் கூப்பிட்டேன், மாதாவையும் கூப்பிட்டேன், யார் முதலில் வந்தாலும் சரி என்று இருந்தது. கதவோரம் நின்றவர் ஒரு அடி முன்னால் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

அப்பா சரி போட்டார்.

எண் சமமாகியது. திரையின் ஓரத்தில் குட்டிக் கம்பம் எழும்பியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வெளியே வருமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இப்ப சரியா சேர்?" என்றார் அப்பா.

"சரி" என்றார் மெனேஜர்.

அப்பா மவுஸை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். "தம்பி, ஞாயித்துக்கெழம பூச முடிய எத்தன மணி ஆகும்?"

"ஒன்பது ஆகும் அங்கிள்."

"முடிஞ்சதும் அம்மா அப்பாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

பிறகுதான் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"ஒங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."