எல்லோரும் ஏழாவது ஆள்

1. ஏறாத படகு

சனிக்கிழமை காலை எட்டே கால். படகு ஜெட்டியில் கட்டியிருந்தது. எரிபொருள் நிரப்பியாயிற்று. பத்து லைஃப் ஜாக்கெட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. படகோட்டி அந்தோனி அண்ணன் பின்பக்கத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றார். ஜெட்டியில், யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துக் கோயிலுக்கு வந்த இருபத்தேழு பேர் நின்றார்கள். எல்லோருக்கும் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்க ஆசை. ஒருவரும் படகில் கால் வைக்கவில்லை.

"ஏறுங்க, ஏறுங்க. காத்து எழும்ப முதல் போயிட்டு வந்திரலாம்" என்று படகின் சொந்தக்காரர் ஹாஜியார் கூப்பிட்டார்.

"நீங்கள் ஏறுங்கோவன்" என்றார் ஒருவர், பக்கத்தில் நின்றவரைப் பார்த்து.

"ஐயோ, வயதுக்கு மூத்த ஆள் நீங்கள். நீங்கள் முதல் ஏறுங்கோ."

"எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

தூரத்திலிருந்து பார்த்தால் மரியாதை போலத் தெரியும். காரணம் ஜெட்டித் தூணில் முதல்நாள் மாட்டிய பலகை. அதில் இப்படி எழுதியிருந்தது: "துறைமுகச் சுற்று. முதல் 6 பேருக்கு ரூபா 1500. 7ஆம் ஆளிலிருந்து ரூபா 600."

பலகையில் எழுத்துப் பிழை இல்லை. கணக்கிலும் பிழை இல்லை. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது நான்.

2. ஒரு ஜூஸ்

திருகோணமலையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. இருபத்தாறு வருடமாகிறது. கணக்கியல் படிக்கிற பிள்ளைகள் முகாமைக் கணக்கியல், அதாவது தொழிலை நடத்த முடிவெடுக்க உதவும் கணக்கு என்றால் பெரிய கம்பனிகளுக்கு உரியது என்று நினைக்கிறார்கள். எனக்கு அது சரியாக விளங்கியது பத்துப் பேர் மட்டும் ஏறக்கூடிய இந்தப் படகில்தான்.

ஹாஜியாருக்குக் கிண்ணியாவில் ஹார்ட்வெயார் கடை. வீட்டுச் செலவெல்லாம் கடையில் போகும். படகு தனி. நான் வாரத்தில் ஒருநாள் கடைக் கணக்குப் பார்க்கப் போவேன். படகுக் கணக்கு ஒரு கொப்பியில், அவருடைய கையெழுத்தில், அவருக்கு மட்டும் விளங்கும் விதத்தில் இருந்தது. அதைத் தொடச் சொல்லி அவர் கேட்டதில்லை. நானும் தொடவில்லை.

சீசனின் நடுவில் மெக்கானிக் வந்து எஞ்சினைத் திறந்து பார்த்தார். "இந்த சீசன் ஓடும். அதுக்குப் பிறகு என்னைக் கூப்பிடாதீங்க" என்றார். பழசைத் திருத்திய ரீகண்டிஷன் எஞ்சின்கூட ஏழு லட்சம். படகுக் காசில் நான்கு லட்சம் இருந்தது. சீசன் முடிய மூன்று மாதம். சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறை, கோயில் நாள் எல்லாம் சேர்த்து எண்ணினால் ஆட்கள் வரும் நாட்கள் முப்பது. அதற்குள் மூன்று லட்சம் சேராவிட்டால் படகை விற்பது என்று ஹாஜியார் முடிவெடுத்தார். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் விலையும் சொல்லிவிட்டார்.

"படகு போனால் நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்று அந்தோனி அண்ணனைக் கேட்டேன்.

"ஹோட்டல்காரர் என்னையும் சேர்த்துத்தான் பார்த்தவர், மிஸ். இங்கிலீஷ் தெரியுமோ எண்டார். ஓம் எண்டன். கதைச்சுக் காட்டச் சொன்னார்."

"காட்டினீங்களா?"

"காட்டினனான். படகை மட்டும் எடுக்கிறன் எண்டிட்டார்."

அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. படகைத் தவிர வேறு தொழில் செய்ததில்லை.

அந்த வாரம் ஹாஜியார் படகுக் கொப்பியை என் மேசையில் வைத்தார். "மிஸ், ஆளுக்கு எவ்வளவு செலவு எண்டு சொல்லுங்க."

"எத்தனை ஆள் ஏறினால்?"

"எத்தனை ஏறினா என்ன? நான் ஆளுக்குத்தானே கேக்கிறன்."

வியாபாரிகள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை கிடையாது. நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன். ஒரு சுற்றுக்கு எரிபொருள் ஐயாயிரம். அந்தோனி அண்ணனின் கூலி இரண்டாயிரத்து நானூறு. ஜெட்டிக் கட்டணம் ஆயிரம். மொத்தம் எண்ணாயிரத்து நானூறு. ஒருவர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் இது மாறாது. பாடப் புத்தகத்தில் இதற்கு நிலையான கிரயம் என்று பெயர். ஆள் கூடக் கூடக் கூடுவது, ஏறும்போது கையில் கொடுக்கும் ஜூஸ் பாக்கெட் ஒன்றுதான். நூறு ரூபா. அது மாறும் கிரயம். டிக்கெட் ஆயிரத்து ஐந்நூறு. ஜூஸைக் கழித்தால் ஒவ்வொருவரும் படகுக்குத் தருவது ஆயிரத்து நானூறு. ஆறு பேர் தந்தால் எண்ணாயிரத்து நானூறு. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

"ஆறு பேர் ஏறினால் படகின் செலவு முடிஞ்சுது, ஹாஜியார். ஏழாவது ஆளால் உங்களுக்குக் கூடுற செலவு ஒரு ஜூஸ்தான்."

"ஒரு ஜூஸா?"

"ஓம்."

"எண்ணெய்?"

"ஆறு பேர் கட்டிட்டாங்கள்."

"அந்தோனி?"

"அவருடைய கூலியையும் கட்டிட்டாங்கள்."

"உங்கட சம்பளம்?"

"அது கடைக் கணக்கில்."

ஹாஜியார் கதிரையில் சாய்ந்தார். "அல்லாஹ்வே. இவ்வளவு காலமா ஏழாவது ஆளுக்கு நான் அநியாயம் செஞ்சிருக்கிறன்."

படகு வெளிக்கிடும் நேரத்தில் இடம் காலியாக இருந்து, ஜெட்டியில் ஒருவர் விலை பேசிக்கொண்டு நின்றால், அவரை விட்டுவிட வேண்டாம், அறுநூறுக்கு ஏற்றினாலும் ஐந்நூறு மிச்சம் என்று சொன்னேன். கடைசி நிமிடத்தில், அந்த ஒருவருக்கு மட்டும், மற்றவர்களுக்குக் கேட்காமல் என்றும் சொன்னதாக எனக்கு ஞாபகம். அப்படிச் சொல்லவே இல்லை என்று ஹாஜியார் இன்றைக்கும் சொல்கிறார். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். 600 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறேன். "மற்றவர்களுக்குக் கேட்காமல்" என்று எங்கேயும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்துப் பலகை எழுதுவித்தார்.

3. மாஸ்டரின் பிரித்தல்

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். பலகை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வாங்க என்று ஹாஜியார் என்னையும் கூப்பிட்டிருந்தார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டரை ஆயிற்று. கூட்டத்தில் வேலையிலிருந்து இளைப்பாறிய கணித மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு அடி முன்னால் வைத்ததும் மனைவி சட்டையைப் பிடித்தார். "இஞ்சருங்கோ, அவசரப்பட்டு ஏறிப்போடாதேங்கோ. ஆறு பேர் ஏறட்டும்."

"ஆரும் ஏறாட்டில்?"

"ஏறாட்டில் நாங்களும் ஏறேல்லை. ஆயிரத்து ஐந்நூறு குடுத்து முன்னுக்கு இருந்தால் கடல் கூடவோ தெரியப்போகுது?"

அந்தோனி அண்ணன் படகிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். "ஹாஜியார், நான் ஏறித்தானே நிக்கிறன். என்னை முதலாவது ஆளா எண்ணினா இன்னும் அஞ்சு பேர் போதும்."

கூட்டம் இதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. "நீங்க சும்மா இருங்க அந்தோனி!" என்றார் ஹாஜியார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மிஸ், இந்த முதல் ஆறு பேரையும் எங்க பிடிக்கிறது?" என்று கேட்டார்.

விடை மாஸ்டரிடமிருந்து வந்தது. அவர் அர்ச்சனை ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்கோ. ஆறு பேருக்கு ஒன்பதாயிரம். நாலு பேருக்கு இரண்டாயிரத்து நானூறு. மொத்தம் பதினோராயிரத்து நானூறு. நாங்கள் எல்லாரும் ஒரே பஸ். பத்தால் பிரிச்சால் ஆளுக்கு ஆயிரத்து நூற்றி நாற்பது. முதலாவது ஆளும் இல்லை, ஏழாவது ஆளும் இல்லை. சம்மதமோ?"

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் கையில் எழுதிப் பார்த்தேன். பதினோராயிரத்து நானூறில் படகுச் செலவும் பத்து ஜூஸும் போக மிச்சம் இரண்டாயிரம். வழக்கமாக ஒரு மணித்தியாலம் காத்திருந்து ஏழு பேரோடு போகும் சுற்றில் மிச்சம் ஆயிரத்து நானூறு. அப்படி ஒரு நாளைக்கு இரண்டு சுற்று. முப்பது நாளும் அப்படியே ஓடினால் எண்பத்து நாலாயிரம். எஞ்சினுக்கு வேண்டியது மூன்று லட்சம். டிக்கெட்டைக் குறைத்தும் மிச்சம் கூடுகிறது. காத்திருப்பும் இல்லை.

"ஆள் கணக்கை விடுங்கோ, ஹாஜியார். முழுப் படகாக் குடுங்கோ. பன்னிரண்டாயிரம் கேளுங்கோ."

ஹாஜியார் தொண்டையைச் சரிசெய்தார். "மாஸ்டர், படகுக்குப் பன்னிரண்டாயிரம். பத்துப் பேர் வரைக்கும். எத்தனை பேர் ஏறுறீங்க எண்டது உங்கட விருப்பம்."

மாஸ்டர் பத்தால் பிரித்தார். தலையாட்டினார். முதல் படகில் பத்துப் பேர் தள்ளுப்பட்டு ஏறினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதுவரை காலி இடம் ஹாஜியாரின் தலையிடி. இப்போது அது காசு கட்டியவர்களின் தலையிடியாகிவிட்டது. மூன்றாவது படகுக்கு ஏழு பேர்தான் மிஞ்சினார்கள். மூன்று காலி இடத்தை அவர்களால் பார்த்துக்கொண்டு இருக்க ஏலவில்லை. பஸ்ஸில் படுத்திருந்த டிரைவரை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். கண்டக்டரையும் கொண்டுவந்தார்கள். ஒரு இடம் இன்னும் காலி. முதல் படகில் போய் இறங்கியிருந்த மாஸ்டர் எழும்பினார்.

"இஞ்சருங்கோ, நீங்கள் இப்பதானே போயிட்டு வந்தனீங்கள்?"

"காசு கட்டின இடத்தைச் சும்மா விடுறதோ?"

இரண்டாம் தடவை திரும்பி வந்தபோது மாஸ்டரின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் இரண்டாவது ஜூஸைக் கேட்டு வாங்கித்தான் இறங்கினார்.

பதினொன்றரை மணிக்குள் மூன்று சுற்று. ஒன்றுக்கு இரண்டாயிரத்து அறுநூறு வீதம் ஏழாயிரத்து எண்ணூறு மிச்சம்.

4. எண்ணூறு ரூபா

பலகையை ஹாஜியார் எறியவில்லை. மேலே பெயின்ட் அடித்து "முழுப் படகு ரூபா 12000" என்று எழுதுவித்தார். அதற்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு. தனியாக வருகிறவர்கள் ஜெட்டியிலேயே ஆள் சேர்த்துக்கொண்டார்கள். மூதூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் கண்டியிலிருந்து வந்த புதுத் தம்பதியை வற்புறுத்தித் தங்களோடு ஏற்றியதை நானே பார்த்தேன். சில நாள் மூன்று சுற்று, சில நாள் ஐந்து.

இருபத்தொன்பதாவது நாள் முடிந்தபோது நூற்றுப் பதினேழு சுற்று. மூன்று லட்சத்து நாலாயிரத்து இருநூறு. பலகைச் செலவு ஐயாயிரத்தையும் கழிக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அதைக் கழித்தால் எண்ணூறு ரூபா குறைந்தது. ஹோட்டல்காரர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

"கடையிலிருந்து எண்ணூறு எடுத்துப் போடுங்கோ" என்றேன்.

"நீங்கதானே சொன்னீங்க கடைக் காசும் படகுக் காசும் கலக்கக் கூடாது எண்டு?"

சொன்னதுதான். கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை காற்று. படகை எடுக்க ஏலாது. பத்து மணி வரைக்கும் அந்தோனி அண்ணன் கடலைப் பார்த்தபடி நின்றார். பத்தரைக்குக் காற்று விழுந்தது. பதினொன்றுக்கு வெருகலிலிருந்து ஒரு கல்யாண வீட்டு ஆட்கள் வந்து, ஒன்பது பேர் இருக்கிறோம், பத்தாவது ஆளை எங்கே பிடிக்கலாம் என்று எங்களிடமே கேட்டார்கள்.

அது நூற்றுப் பதினெட்டாவது சுற்று. திங்கட்கிழமை வந்த ஹோட்டல்காரருக்கு ஹாஜியார் ஒரு ஜூஸ் கொடுத்து அனுப்பினார்.

5. என் டிக்கெட்

கணக்குப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விடையை மட்டும் கொடுக்காதீர்கள். அந்த விடை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னேன் என்பது கணக்கில்லை. ஏழாவது ஆளுக்குச் செலவு ஒரு ஜூஸ் என்பது உண்மை. ஆறு பேர் ஏறிய பிறகுதான் அது உண்மை.

அந்த எஞ்சினை வாங்கிப் பூட்டிய பிறகு ஒருநாள் ஜெட்டிக்குப் போனேன். ஒரு குடும்பத்தார் எட்டுப் பேர் முழுப் படகுக்குக் காசு கட்டி ஏறியிருந்தார்கள். ஹாஜியார் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, "மிஸ், நீங்க ஒருநாளும் ஏறினதில்லையே, வாங்க" என்றார். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். அவர் கையை நீட்டினார்.

"நூறு ரூபா."

"என்ன நூறு?"

"படகுக் காசை அவங்க கட்டிட்டாங்க. உங்களால எனக்குக் கூடுற செலவு ஜூஸ் மட்டும்."

கொடுத்தேன். அந்தோனி அண்ணன் கைபிடித்து ஏற்றி, "வெல்கம் மிஸ், பிளீஸ் சிட்" என்றார். ஹோட்டல்காரர் கேட்ட இங்கிலீஷ் இதுவாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஹாஜியார் ஜூஸை நீட்டினார். "எனக்கு வேண்டாம், ஹாஜியார். சீனி வருத்தம், இனிப்புக் கூடாது."

அவர் ஜூஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தோனி அண்ணன் கயிற்றை அவிழ்த்து முடிக்கும் வரைக்கும் யோசித்தார். பிறகு குனிந்து, நூறு ரூபாவை என் கையில் திருப்பி வைத்தார்.

அடுத்த வாரம் படகுக் கொப்பியைப் பார்த்தேன். என் பெயரில் வரவும் இல்லை, செலவும் இல்லை. சரியாகத்தான் எழுதியிருந்தார்.