ஊதாவுக்கு ஒரு டீ

எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூரில் மூடிக்கிடந்த ஒரு சாயக் கம்பெனிக்கு வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். வெளுத்த காக்கிச் சட்டை, ஆனால் பாதங்கள் மட்டும் மருதாணி வைத்தாற்போல் சிவப்பு. மழை பெய்தால் உள்ளே கிடந்த பீப்பாய்களிலிருந்து சாயம் கரைந்து கால்வாயில் ஓடும். எதிர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் எங்களோடு அவர் பந்தயம் கட்டுவார். நிறத்தைத் தப்பாகச் சொன்னவர் டீ வாங்கித் தர வேண்டும்.

"பச்சை!" என்று நான் கத்துவேன்.

"ரோசு, சார்!" என்பார். கால்வாயில் நீந்தும் வாத்துகள் ரோஸ் நிறத்தில் கரையேறும். பஸ்ஸை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஒரு மழைக்குத் தண்ணீர் தெளிவாக ஓடியது.

"இன்னா அண்ணாத்தே, சாயம் தீந்துடுச்சா?"

"எங்க சார் தீரும்? பீப்பா அடில ஓட்ட உழுந்துகீது. அல்லாம் பூமிக்குள்ள பூந்துகினு கீது. நான் ஊதா கட்றேன், எங்கனா வரும் பாரு!"

சில வாரம் கழித்து, கால்வாயை ஒட்டிய எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளியை இழுத்தேன். ஊதா. ஜெயித்துவிட்டாரே மனிதர் என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம்தான் சற்றுமுன் குடித்த காபி நினைவுக்கு வந்தது.