கேபிள் முனையும் மூத்த பிள்ளையும்

இந்த ஊரில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் 'நல்லா இருக்கியா?' என்று கேட்பார்கள். பதிலுக்கு நிற்க மாட்டார்கள். வந்த புதிதில் என் முதுகுவலியை விவரமாகச் சொல்லத் தொடங்கி, ஆள் போன பிறகு வாயை மூடியிருக்கிறேன். நான் பார்க்கும் நெட்வொர்க் வேலையில் அப்படி நடந்தால் இணைப்பே செத்துவிடும்.

வட இங்கிலாந்தில் ஒரு நீரேற்று நிலையம். உலகம் கைவிட்ட ஃப்ரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறை அங்கே இன்னும் ஓடுகிறது. இரண்டு ரௌட்டர்களை ஒரு கேபிளால் நேராக இணைத்திருக்கிறார்கள். கேபிளின் ஒரு முனைக்கு டிசிஇ என்று பெயர். அந்தப் பக்கத்து ரௌட்டர் தாளம் கொடுக்க, மற்றது அதற்கேற்ப ஓடும். இது கேபிளோடு வருகிற பொறுப்பு. 'இருக்கிறாயா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது தனிப் பொறுப்பு. அதை நாம்தான் ரௌட்டருக்குள் கட்டளையாக எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கத்துக்கும் கொடுக்கலாம். "டிசிஇ முனை இங்கேதானே இருக்கிறது, இதுவே பதில் சொல்லிவிடும்" என்று எழுதாமல் விட்டிருந்தான் கூட வேலை செய்யும் மார்க். இரண்டு ரௌட்டரும் கேட்டுக்கொண்டே இருந்தன. பதில் சொல்ல ஆளில்லாமல் இணைப்பு விழுந்து கிடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கோலியனூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தம்பி செல்வம் அழைத்தான். அப்பா போய்விட்டார். என் விசா மனு முடிவாகவில்லை. இடையில் நாட்டைவிட்டுப் போனால் ரத்து. மனைவியும் மகளும் அந்த விசாவில்தான் இருக்கிறார்கள்.

"ஐஸ் பெட்டியில வச்சிக்கினு இருக்கோம்ணா. எப்ப வர்றேன்னு எல்லாரும் கேட்டுக்கினே இருக்காங்க."

"வர முடியாதுடா. நீயே கொள்ளி வச்சிடு."

"அப்பாவுக்குப் பெரிய புள்ளதான் வைக்கணும்ங்கிறாங்க."

"அவரு கூப்பிட்டப்பல்லாம் ஏன்னு கேட்டது யாரு? நீதானே. நீ வை."

அவன் அழுதான்.

திண்டிவனத்தில் பாலிடெக்னிக் முடித்த கையோடு கிளம்பியவன் நான். அப்பாவுக்குக் கைகால் விழுந்தபோது, கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்குவதை அப்படியே போட்டுவிட்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன். குளிப்பாட்டியதும் ஊட்டியதும் அவன்தான். முதலில் பிறந்தேன் என்பதைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை. அது அவமானமாக இருந்தது.

பதில் சொல்லும் பொறுப்பை மறுமுனை ரௌட்டருக்கு எழுதினேன். இணைப்பு எழுந்தது. மார்க் கைதட்டினான். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து, செல்வம் கொள்ளிக்குடத்தோடு சிதையைச் சுற்றி வருவதை போனில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. அவன் தீ வைக்கும்போது சுத்தமாக நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் நானே மொட்டை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மார்க் என் தலையைப் பார்த்துச் சிரித்தான். "புது ஸ்டைலா? உனக்கு எடுப்பாக இருக்கிறது."

"தேங்க்ஸ்" என்றேன்.