வேகாத பெட்டி

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். சாயங்காலம் நான் பாட்டு போட்டால் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அதை முழுசாகக் கேட்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நடக்கவில்லை. முதல் சரணம் வருவதற்குள் "தோ வரேன்" என்று எழுந்து போய்விடுவாள். போனில் பாட்டு கீச்சுக் கீச்சென்று கேட்பதுதான் காரணம் என்று முடிவுகட்டி, ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் வாங்கினேன். ஆம்ப்ளிஃபயர் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. பிளக்கைச் செருகினால் போதும்.

அட்டையைப் பிரித்ததுமே அவள் விரலை மடக்கி ஸ்பீக்கரைத் தட்டினாள். விருத்தாசலத்தில் இது ஒரு வியாதி. செராமிக் கம்பெனியில் சூளையிலிருந்து வரும் சாமான்களைத் தட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. 'டிங்' என்றால் நல்ல சரக்கு. 'டொப்' என்றால் விரிசல், இல்லாவிட்டால் சரியாக வேகவில்லை. வீட்டில் அவள் தட்டாத பொருள் கிடையாது. தர்பூசணி, சுவர், ஜலதோஷம் பிடித்தால் என் முதுகு.

"டொப்புங்குது. வேவாத சரக்க உங்க தலையில கட்டிட்டான். மாத்திட்டு வாங்க."

"அடியே, ஸ்பீக்கர் பெட்டின்னா ஊமையாத்தான் இருக்கணும். பெட்டியே பாடிச்சின்னா பாட்டு கெட்டுடும்."

"நல்லா இருக்குது நியாயம்!"

அன்றைக்கென்று பார்த்து கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அவள் தம்பி வந்து சேர்ந்தான். அவனும் தட்டினான். அக்காவும் தம்பியும் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாமா, இன்னொரு தடவ சூளையில வச்சி எடுத்தா சரியாயிடுங்களா?" என்றான். கிண்டலா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் சத்தம் இருக்கிறதே, அடடா! பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. வயலின் ஜன்னல் பக்கம், புல்லாங்குழல் பீரோ பக்கம். கண்ணை மூடினால் அங்கே ஸ்பீக்கரே இல்லை. கண்ணைத் திறந்தால் மனைவியும் இல்லை. எரிச்சலாக வந்தது.

பிறகு ஒரு நாள் தவில் வாசிப்பு ஒன்றைப் போட்டேன். கனமான அடி விழும்போதெல்லாம் கூடவே எங்கிருந்தோ ஒரு 'டிங்'. ஸ்பீக்கருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அதன்மேல் காதை வைத்துப் பார்த்தேன். வாங்கி முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் போச்சே! அப்போதுதான் அவள் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இப்பதாங்க வெந்த சத்தம் வருது" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கடைசி வரைக்கும் கேட்டாள். சாம்பார் அடிப்பிடித்தது.

மறுநாள் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். ஷோகேஸில் இருந்த பீங்கான் டீ ஜாடிதான். கம்பெனியில் கழித்துவிட்டது, மூடி சரியாக உட்காராது. தவில் அதிர்ந்தால் மூடி துள்ளுகிறது. ஸ்பீக்கரின் மானம் போகிறதே என்று இடுக்கில் பஞ்சு வைத்து அடைத்தேன். அன்றைக்குப் பாதி வாசிப்பிலேயே அவள் எழுந்துவிட்டாள். "பழையபடி பச்சையாயிடிச்சி" என்றாள். பஞ்சைப் பிடுங்கிப் போட்டேன். மறுநாள் மறுபடி உட்கார்ந்தாள். மானமாவது மண்ணாவது!

போன வாரம் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். விட்டது தொல்லை என்று ஜாடியின் மூடியைக் கழற்றி மெத்தைமேல் வைத்துவிட்டு, அதே தவிலைப் போட்டேன். சுத்தமான சத்தம், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே இல்லை. அவள் இல்லாத வீட்டில் எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை. எழுந்து மூடியை எடுத்து ஜாடியில் வைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"என்னாங்க, சாப்ட்டீங்..." என்றவள் நிறுத்தினாள். இந்தப் பக்கம் தவிலில் கனமாக ஓர் அடி விழுந்தது. டிங்.

"நல்லா வெந்துபோச்சி இல்ல?" என்றாள்.

"வெந்துபோச்சி" என்றேன். "நீ எப்ப வர?"