கோழி என்று சொன்னதால் வந்த கூட்டம்

முடி வெட்டுவதில் அந்தப் பெண்கள் சலூன்காரியின் கையைக் குறை சொல்ல ஆளில்லை. வாய்க்குத்தான் பூட்டே கிடையாது. கடைக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டிருந்தார்கள். ஆனால் போகப் போக எல்லாரும் போனில் நட்சத்திரம் பார்த்துக் கடை தேட ஆரம்பித்தார்கள். எதிர்க்கடைக்கு ஐந்து நட்சத்திரம். இவள் கடையில் ஈயோட்டக்கூட ஈ இல்லை.

விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த நாத்தனார் சிரித்தாள். "நட்சத்திரத்தை யாராவது சம்பாதிப்பாங்களா அண்ணி? வாங்கணும்."

வாங்கினார்கள். பாராட்டு கொட்டியது. ஒரு புண்ணியவான் கடையின் நீச்சல் குளத்தைப் புகழ்ந்திருந்தான்.

"இங்க தலை கழுவுற தொட்டியே ஒழுகுதேடி!"

அப்படியும் யாரும் வரவில்லை. தெருவில் எல்லாக் கடைக்கும் ஐந்து நட்சத்திரம். யார் எதை நம்புவது?

அப்போதுதான் நிஜமான ஒரு வாடிக்கையாளர், வங்கியில் வேலை செய்யும் பெண், ஒற்றை நட்சத்திரம் போட்டாள். 'நான் கேட்ட மாதிரி வெட்ட மாட்டேன்னுட்டாங்க. வெட்டினா நனைஞ்ச கோழி மாதிரி இருப்பேனாம். அவங்க இஷ்டத்துக்கு வெட்டி அனுப்பிட்டாங்க.' கூடவே படம். படத்தில் முடி அத்தனை அழகு.

நாத்தனார் பதறினாள். "உடனே தூக்கச் சொல்லணும் அண்ணி!"

இவளுக்கு வலித்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனதாகத்தான் நினைத்திருந்தாள். தானே பதில் எழுதினாள்: 'மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோம்மா. ஆனா அப்படி வெட்டியிருந்தா கோழிதான், அது நெசம்.'

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. வந்தவர்களெல்லாம் ஒரே பல்லவி: "எனக்கு எது பொருந்தாதுன்னு சொல்லுங்க. மத்த கடையில எதைக் கேட்டாலும் சூப்பர்ங்கிறாங்க."

நாத்தனாருக்கு உடனே ஞானோதயம். "அண்ணி, இனிமே ஒத்த நட்சத்திரமா வாங்கிடலாமா?"

"வாங்கின திட்டுக்கும் வாங்கின பாராட்டுக்கும் என்னடி வித்தியாசம்? போய் டீ போடு."

எதிர்க்கடைக்காரி இந்தக் கூட்டத்தைப் பார்த்து, திட்டினால்தான் ஆள் வரும் என்று முடிவு கட்டினாள். வருகிறவர்களைத் திட்டும்படி தன் கடையில் வேலை செய்யும் பெண்களிடம் சொன்னாள். ஒருத்தி, வந்த அம்மாளின் மூக்கைப் பற்றிச் சொல்லித் தொலைத்தாள். முடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த அம்மாள் பாதி வெட்டிய தலையோடு தெருவைக் கடந்து இவளிடம் வந்து உட்கார்ந்தாள்.

"என் மூக்கு அவ்வளவு மோசமாம்மா?"

இவள் கண்ணாடியில் நிதானமாகப் பார்த்தாள்.

"மூக்குக்கு என்கிட்ட கத்தரி இல்லை. தலையைக் குனிங்க."