தனியாகப் போன கிதார்காரர்

பெரம்பலூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த என் சித்தப்பா இறந்தபின், அவருடைய மகன் மூன்று கேசட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். போட்டுக் கேட்க வீட்டில் கருவி இல்லை. அரியலூர் முழுக்க விசாரித்தேன். கடைக்காரர்கள் என்னைப் பழைய சாமான் விற்க வந்தவன் போலப் பார்த்தார்கள். கடைசியில் பேத்திதான் உறையில் இருந்த பெயரைப் போனில் தட்டி, அந்த வெள்ளைக்காரக் கிதார்காரர் இதுவரை வாசித்த எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெயரை நான் எழுதினால் தப்பாகத்தான் எழுதுவேன், விட்டுவிடுகிறேன்.

எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர் கொண்ட தன் குழுவோடு அவர் போட்டது ஆறு ரெக்கார்டு. தனியாக ஒன்பது. வேறு ஆட்களோடு அவ்வப்போது சேர்ந்து போட்டது நான்கு. மாலை நடையை நிறுத்திவிட்டு வரிசை பிசகாமல் கேட்டு வருகிறேன். குழுவோடு வாசித்தவற்றில், பாடுகிறவரும் ஆர்கன்காரரும் முடிக்கும்வரை கிதார் காத்திருக்கிறது. பிறகு கிடைத்த இடத்தில் சொல்ல வந்ததை அவசரமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தனியாக வாசித்தவற்றில் அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் போதும் என்று சொல்லவும் ஆள் இல்லை. எட்டு நிமிஷத்தில் முடிய வேண்டியது பதினேழு நிமிஷம் ஓடுகிறது. எனக்குப் பிடித்தது, ஒரு வயலின்காரரோடும் ஒரு டிரம்ஸ்காரரோடும் சேர்ந்து போட்ட ஒன்று. கூட இரண்டு பேர் இருப்பதால் மனிதர் கொஞ்சம் அடங்கி வாசிக்கிறார்.

இன்னொன்றையும் கவனித்தேன். தனி ரெக்கார்டு போட ஆரம்பித்தபின் குழுவின் எதிலும் அவர் இல்லை. குழு அதற்குப் பிறகும் நிறையப் போட்டிருக்கிறது. பேத்தியை இரண்டு தடவை தேடச் சொன்னேன்.

“இல்ல தாத்தா, அவரு அவங்களோட திரும்பச் சேரவே இல்ல. இதையே ஏன் கேட்டுக்கிட்டிருக்கீங்க?” என்றாள்.

கேட்பதற்குக் காரணம் உண்டு.

அப்போது எனக்குப் பத்து வயது. வரதராசன்பேட்டைப் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டி எங்கள் வீடு. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான். ஐந்து பேருக்கும் ஒரே அடுப்பு. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். சித்தப்பாவைவிடப் பதினாறு வயது மூத்தவர். தம்பியை வளர்த்துப் படிக்க வைத்ததும் அவர்தான். திருச்சி ஹாஸ்டலில் படிப்பை முடித்த சித்தப்பா, ஒரு கிதாரோடும் அந்த மூன்று கேசட்டுகளோடும் ஊர் திரும்பியவர். மாதா கோயில் பாடகர் குழுவில் வாசிப்பார், மற்ற நேரங்களில் ஊராருடைய ரேடியோவைப் பிரித்து மாட்டுவார். டேப் ரிக்கார்டர் சித்தி வீட்டுச் சீராக வந்தது. அதற்கு நான்கு பெரிய செல் போட வேண்டும். செல் இறங்கிவிட்டால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். அது என் வேலை. காய்ந்த செல்லில் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு பாட்டு இழுக்கும். அதனால்தான் இப்போது போனில் கேட்கும்போது எல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் சித்தப்பா அந்தக் கிதார்காரரின் தனி ரெக்கார்டைப் போட்டார். நான் தொடையில் தாளம் தட்டினேன். நாலு நாலாக எண்ணினால் உதைத்தது.

“சித்தப்பா, டேப்பு எங்கயோ கட்டாயிருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கொறையுது.”

“கட்டாவலடா. ஏழு ஏழா எண்ணு, சரியா வரும்.”

எண்ணினேன், வந்தது. “ஏன் ஏழு?”

“அவருக்கு அப்படித்தான் வருது. அஞ்சு பேரு சேந்து வாசிக்கறப்ப அதுக்கு வுடமாட்டாங்க. அதான் தனியாப் போயி வாசிச்சிருக்காரு.”

“கோவிச்சிக்கிட்டாரா?”

“கோவமெல்லாம் ஒண்ணுமில்ல.” சித்தி வேலையாக இருந்த அடுப்படியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “தனியாவும் வாசிப்பாரு, திரும்பி வந்து அவங்களோடவும் வாசிப்பாரு.”

மத்தியானம் கோழிக்குழம்பு. அப்பா, சித்தப்பா, நான் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

“என்னடா அது, காலையிலேருந்து ஒப்பாரி மாதிரி ஓடிக்கிட்டிருக்கு?” என்று அப்பா என்னிடம் கேட்டார்.

தெரிந்ததைச் சொல்லும் ஆசையில் நான் மூச்சு விடாமல் சொன்னேன். “அவரு தனியாப் போயிட்டாராம்ப்பா. அஞ்சு பேரு ஒண்ணா இருந்தா நெனச்சதைச் செய்ய முடியலையாம். கோவமெல்லாம் இல்லையாம். சித்தப்பாதான் சொன்னாரு.”

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒன் தம்பி பெரம்பலூர்ல கடை பாத்திருக்கான்னு ஜெயங்கொண்டம் பஸ்ஸுல ஒருத்தன் சொன்னான். போடா பொய்க்காரப் பயலேன்னு அவனைத் திட்டிட்டு வந்தேன். எங்கிட்ட நேரா சொல்றதுக்கு என்ன? புள்ளகிட்ட சொல்லி வுடணுமா?”

‘அண்ணே, அவன் கிதார்காரரைச் சொல்றான்’ என்று சித்தப்பா சிரித்துவிடுவார் என எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு “இல்லண்ணே...” என்றார். சித்தி கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல சாப்புடுங்க, கொழம்பு ஆறுது,” என்று அம்மா அப்பாவின் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாள். அதைத் தொடாமல் அப்பா எழுந்து போனார். கோழிக்கறியை அவர் மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அதன்பின் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் எங்கோ தனியாகப் போனதற்கு எங்கள் வீட்டில் ஏன் இவ்வளவு கலவரம் என்று எனக்கு விளங்கவில்லை. குழப்பம் என்னால் வந்தது என்பது மட்டும் தெரிந்தது. புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் கேசட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

“அப்பா, நான் சொன்னது இவரைத்தான். சித்தப்பாவை இல்ல.”

அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போடு. என்னதான் சொல்றாருன்னு கேப்போம்,” என்றார்.

சட்டையைக்கூடக் கழற்றாமல், கட்டுரை நோட்டு திருத்துகிற முகத்தோடு டேப்பின் எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“என்னடா, ஒருத்தரும் வாயே தொறக்கல?”

“இதுல பேச்சே கெடையாதுப்பா. கிதார் மட்டுந்தான். ஏழு ஏழா எண்ணிக் கேக்கணும்.”

“ஏழா?”

அவர் விரல் முழங்காலில் தட்ட ஆரம்பித்தது. இரண்டு தடவை பிசகியது, பிறகு பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. செல் இறங்கி வாசிப்பு இழுக்கத் தொடங்கியது. விரலும் அதோடு சேர்ந்து மெதுவாகத் தட்டியது. கடைசியில் டேப் தானாகவே நின்றுவிட்டது.

“நல்லாத்தான் வாசிக்கிறான்,” என்றார். உறையை மறுபடி எடுத்துப் பார்த்து, “திரும்பி வந்து அந்த அஞ்சு பேரோட சேந்து வாசிப்பாராமா?” என்று கேட்டார்.

“வாசிப்பாராம்ப்பா.”

“யாரு சொன்னது?”

“சித்தப்பாதான்.”

“சித்தப்பாவே சொன்னானா?”

“ஆமாப்பா.”

அப்பா எழுந்து, கிணற்றடியில் நின்ற சித்தப்பாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “தம்பி! வெள்ளிக்கெழம லீவு போடறேன். அந்தக் கடையப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வருவோம். நானும் வந்தாதான் சரியா வரும், ஒனக்குப் பேசத் தெரியாது.”

சித்தப்பா வாளியைக் கீழே வைத்தார். “சரிண்ணே,” என்றார். அடுப்படியில் சித்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்று, மறுபடி கேட்டது.

இதெல்லாம் முடிந்து எத்தனையோ மாதா திருவிழாக்கள் வந்து போயின. ஒவ்வொன்றுக்கும் சித்தப்பா பெரம்பலூரிலிருந்து வந்தார், அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார், கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அந்தப் புதன்கிழமை எனக்குத் தெரிந்ததோ வேறு. அப்பாவுக்கும் அந்தக் கிதார்காரரைப் பிடித்துப்போய்விட்டது. அவருடைய மிச்சக் கேசட்டுகளை வாங்கத்தான் இருவரும் வெள்ளிக்கிழமை கடைக்குப் போகிறார்கள். டேப்பைத் திறந்து நான்கு செல்களையும் எடுத்தேன். புதுக் கேசட் வரும்போது தயாராக இருக்கட்டும் என்று, மறுநாள் காலை வெயில் முதலில் விழுகிற இடமாகப் பார்த்து அடுக்கி வைத்தேன்.