சாந்தாமணி துப்புத் துலக்கிய மூன்று வெள்ளிக்கிழமைகள்

தேவாலா கடைவீதியில் சாந்தாமணியின் டெலிபோன் பூத்துக்கும் என் தையல்கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் நான் விரலில் ஊசியைக் குத்திக்கொள்வேன். அவளைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை உள்ளவன் ஊரில் கிடையாது. அவள் செய்த காரியத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு வந்து யாரும் மருதாசலம் மறைத்துவிட்டான் என்று சொல்லக் கூடாது.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் அவள். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஆறுக்குட்டியைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வயதில் மலையேறினாள். ஆறுக்குட்டி நல்ல மனுஷன். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவன். பிள்ளையும் இல்லை. ஜூனில் பிடிக்கிற மழை மூன்று மாதம் விடாது. அந்த முதல் வருடம், மழை கொஞ்சம் ஓய்ந்தால் போதும், ஓடிவந்து பஸ் நிறுத்தத்தில் நின்று இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். யாரையோ எதிர்பார்க்கிறாள் என்று நினைத்தேன். யாரையும் இல்லை, சும்மா மனித முகம் பார்க்கத்தான் வந்தாள் என்று பின்னால் தெரிந்தது.

பூத் வைத்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. அப்போது கையில் போன் வைத்திருக்கிறவர்கள் எங்கள் ஊரில் யார் இருந்தார்கள்? பாதி ஊருக்கு அவள் நம்பர்தான் நம்பர். வெளியூரிலிருந்து போன் வந்தால் குடையைக்கூட எடுக்காமல் ஓடி, மேட்டில் நின்று கத்திக் கூப்பிடுவாள். காளிமுத்துவின் மனைவி தேவிக்கு அப்பா இறந்த செய்தி வந்தபோது, அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள் சாந்தாமணிதான். அழுது முடிகிறவரை கடையைச் சாத்தியே வைத்திருந்தாள். அப்படிப்பட்ட மனசு அவளுக்கு. அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது.

அப்புறம் தேயிலை விழுந்தது. விலை விழுந்தது என்று சொன்னால் போதாது, ஊரே விழுந்தது. ஃபேக்டரிகள் வாரத்தில் பாதி நாள் இலை வேண்டாம் என்றன. மீதி நாள் உன் இலை முற்றல் என்று திருப்பி அனுப்பின. காலை பஸ்ஸில் ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் மூட்டை கட்டியது. போன் பேச ஆளில்லை. என்னிடம் துணி தைக்கவும் ஆளில்லை. சாந்தாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடியைத் துடைப்பாள், மறுபடியும் துடைப்பாள், வாசலுக்கு வருவாள், உள்ளே போவாள். பலகைக்கு இந்தப் பக்கம் அவள் செருப்புச் சத்தம் கேட்டுக் கேட்டு எனக்கே படபடப்பு வந்துவிடும்.

"ஏனம்மிணி, ஒரு எடத்துல உக்காரவே மாட்டியா?" என்று கத்துவேன்.

"உக்காந்தா நெஞ்சு அடிச்சுக்குதுங்கண்ணா," என்பாள்.

அந்த நேரம் பார்த்துக் கேபிள் வந்தது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஒரு கொலை நிகழ்ச்சி. கறுப்புச் சட்டை போட்ட ஒரு ஆள் புகைக்கு நடுவில் நடந்துவந்து, இந்தக் கணவன் மனைவியை எப்படிக் கொன்றான், எங்கே புதைத்தான், பக்கத்து வீட்டார் எதைக் கவனிக்கத் தவறினார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவான். அவன் ஸ்டூடியோவில் புகை போட வேண்டும். எங்களுக்குச் சாயங்காலமானால் நிஜப் பனியே ஜன்னலில் வந்து நிற்கும். சாந்தாமணி அதில் அப்படியே விழுந்துவிட்டாள். டி.வி. பின்கட்டில் இருந்தது. அங்கேயும் ஒரு போன் உண்டு, முன்னால் உள்ள அதே இணைப்பு. எட்டடித்ததும் பின்கட்டுப் போனின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவாள், நடுவில் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று. எனக்கு அது தெரியும். எட்டு மணிக்கு யார் கூப்பிடப்போகிறார்கள் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் அவள் பேச்சே மாறிவிட்டது. "தடயம்", "நோக்கம்" என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். ஊரும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. பட்டினி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்கள் ஊரில் குழாய் பறந்தது, கோழி பறந்தது, காயவைத்த குறுமிளகு பாயோடு பறந்தது. கதவைத் தாழ் போடாமல் தூங்கிய ஊர் பூட்டு வாங்கியது. "பாத்தீங்களா, டி.வி.ல சொல்றதெல்லாம் நம்மூர்லயே நடக்குது," என்பாள். சரியாகத்தானே சொல்கிறாள் என்று நானும் தலையாட்டினேன்.

அவள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் காளிமுத்துவுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. ஒரு நாள் விடியற்காலை, தண்ணீர் பிடிக்கப் போனவள் மூச்சிரைக்க என் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, காளிமுத்து மூட்டையத் தூக்கிட்டுப் போயி குழி தோண்டிப் பொதைக்கறானுங்க."

"எருவா இருக்கும், போ."

"எருவ எவனாச்சும் நாலாப்பக்கமும் பாத்துட்டுப் பொதைப்பானா? சரி, தேவிய நீங்க பாத்து எத்தனை நாளாச்சு?"

யோசித்தேன். பத்து நாளுக்கு மேல் இருக்கும். அதுவரை அவளைக் காணவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தேவி உயிரோடு இருக்கிறாளா இல்லையா, அதுதான் அவளுக்கு ஒரே பேச்சு. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் காளிமுத்து பூத் வாசலில் வந்து நின்றான். குளிரிலும் அவன் நெற்றி வியர்த்திருந்ததாம். கடிகாரத்தைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், அரை மணி நேரம் நின்றான். நிகழ்ச்சியின் நடுவிலேயே அவள் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சுங்களா அக்கா?" என்று கடைசியில் கேட்டிருக்கிறான்.

"இல்லையே."

தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. "எவளோ ஒருத்தி போனுக்குக் காத்திருக்கான். அதுதானுங்க நோக்கம்," என்றாள் என்னிடம். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம் கால்பட்டால் குற்றம் என்பதுபோல், சந்தேகம் வந்துவிட்டால் நின்றாலும் குற்றம், நடந்தாலும் குற்றம்தான். இதற்கிடையில் காட்டுப்பன்றிகள் வந்து அந்தக் குழியை முட்டிக் கிளறிவிட்டுப் போயிருந்தன. புளித்த வாடை சரிவெல்லாம் அடித்தது. எனக்கும் அந்த வாடை வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை காலை காளிமுத்து கூடலூர் பஸ் ஏறினான். சாந்தாமணி நேராக இலை ஏஜெண்ட் நெல்சனிடம் போனாள். அவன் ஒருத்தனாவது "அட, கொழுந்தா இருக்கும்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் சொன்னது வேறு.

"காளிமுத்து எங்கிட்ட இலை போட்டே ஒரு மாசமாச்சே. நான்தான் வேண்டாம்னுட்டேன். விக்காத இலைய எவன் பறிப்பான்? அந்த மூட்டைல இலை இல்ல."

அதுதான் எங்கள் எல்லாருக்கும் முடிவான சாட்சியாகிவிட்டது. விலை போகாத இலையை ஊரில் ஒருவரும் பறிக்கவில்லை. செடிகள் ஆள் உயரத்துக்கு மரமாகிக்கொண்டிருந்தன. ஆகவே அவனும் பறித்திருக்க மாட்டான் என்று அடித்துச் சொன்னோம். ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு சரிவில் இறங்கினோம். ஆமாம், நானும் ஒரு மண்வெட்டி பிடித்தேன்.

இரண்டடி தோண்டியதும் மண்ணிலிருந்து ஆவி வந்தது. சாக்கு தெரிந்தது. சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "தேவீ," என்று ஒரு கேவல் கேவினாள். நெல்சன் கத்தியால் சாக்கைக் கிழித்தான். கறுத்து, வெந்து, கூழாகிப்போன தேயிலைக் கொழுந்து. அடுத்த சாக்கும் அதுதான். எட்டுச் சாக்கு. இரண்டு இலையும் மொட்டுமாகப் பழுதில்லாமல் பறித்த கொழுந்து. யாரோ சிரித்தார்கள். சிரித்தவன் நாசமாய்ப் போக.

நிமிர்ந்து பார்த்தால் மேட்டில் காளிமுத்து. கூடலூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான்.

"என்னத்தத் தேடறீங்க எல்லாரும்?"

சாந்தாமணிதான் கேட்டாள்: "தேவி எங்க?"

அவன் குழியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துபோனது. அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"திருப்பூர்ல. பனியன் கம்பெனில வேலைக்குப் போயிருக்கா. பொண்டாட்டிய அனுப்பிச் சம்பாதிக்கறான்னு பேசுவீங்கன்னு சொல்லல. பறிக்காம உட்டா செடி மரமாயிரும், அப்பறம் வெல ஏறினாலும் ஒண்ணுக்கும் ஆகாது. அதான் பறிச்சேன். ரோட்டோரம் கொட்டினா நாலு பேரு பாப்பாங்கன்னுதான் பொதைச்சேன்."

"அப்ப அவள போன் பண்ணச் சொல்லு பாக்கலாம்," என்றான் நெல்சன்.

"நம்பர் இல்லீங்க. அவதான் கூப்புடுவா. வெள்ளிக்கெழம எட்டு மணிக்கு அக்கா பூத்துக்குன்னு சொல்லிட்டுப் போனா. மூணு வாரமா வரல. அவளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நானே…"

நான் சாந்தாமணியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ரிசீவர நான்தான் எடுத்துக் கீழ வெச்சேன்," என்றாள். "மூணு வாரமும்."

அதோடு முடிந்ததா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெண்ணைக் கண்ணால் காண்கிறவரை இவனை நம்ப முடியாது என்று நெல்சன் ஆட்கள் காளிமுத்துவின் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். சாந்தாமணி அவர்கள் நடுவில் போய் நின்று, "தப்பு என்னுது, எந்திரிச்சுப் போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "காலைலவரைக்கும் நீதானம்மா கொலைன்னு சொன்ன?" என்று அவளையே விரட்டினார்கள். அவள் மூட்டிய தீ. அவள் ஊதினால் அணையுமா? அன்றும் மறுநாளும் அவள் பூத்தைத் திறந்து போட்டுவிட்டு, வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடையாக நடந்தாள். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி முகம் முகமாகத் தேடினாள். கண்டக்டர்கள் திட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவி வந்தாள். கையில் ஒரு துணிப்பை, சரியாகத் தூங்காத கண். "வெள்ளிக்கெழம மட்டுந்தான் கம்பெனில வெளிய உடுவாங்க. எட்டு மணிக்கு எப்பக் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வந்துச்சு. மண்ணு சரிஞ்சிருச்சோ, இவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சோன்னு ஓடியாந்தேன்," என்றாள். சாந்தாமணி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவில் ஒன்றுவிடாமல் சொன்னாள், குழியையும் சேர்த்து. நான் பலகைக்கு இந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தேவி துணிப்பையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்:

"ஒரு மாசமா நான் ஊட்ல இல்ல. இந்தக் கடைவீதில ஒருத்தரும் தேவி எங்கன்னு கேக்கல. நீங்க ஒருத்திதான் கேட்டிருக்கீங்க. அது எனக்குப் பெருசுதான் அக்கா. ஆனா அண்ணங்கிட்டக் கேட்டீங்க, நெல்சன்கிட்டக் கேட்டீங்க. அந்த மனுசன் மூணு வாரம் உங்க வாசல்லயே வந்து நின்னாரு. அவருகிட்டக் கேக்கலாமில்ல?"

"கேட்டா உஷாராயிருவான்னு…" என்று ஆரம்பித்த சாந்தாமணி பாதியில் நிறுத்திக்கொண்டாள். டி.வி.க்காரன் சொல்கிற வார்த்தை அது.

நான்கு நாள் இருந்துவிட்டுத் தேவி திரும்பவும் திருப்பூருக்கே போனாள். போகத்தான் வேண்டியிருந்தது, தேயிலை எழுந்திருக்கவில்லையே. நெல்சன் ஆட்கள் ஒன்றும் நடக்காத மாதிரி டீ குடித்துக்கொண்டு திரிந்தார்கள். நானும் திரிந்தேன். காளிமுத்து எங்கள் யாரோடும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாந்தாமணி ஐந்து மணிக்கே பூத்தைப் பெருக்கி, உள்ளே ஒரு நாற்காலி போட்டு வைத்தாள். ஆறரை மணிக்குக் கூடலூர் பஸ் வந்து நின்றது. கறுப்புக் குடையோடு காளிமுத்து அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். போன் பேச முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போய், கூடலூரில் ஏதோ ஒரு பூத்தில் நின்று, கடைசி பஸ்ஸில் திரும்பி வருவான்; அதுதான் அவன் ஏற்பாடு என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. சாந்தாமணி தூறலில் இறங்கி ஓடி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"காளிமுத்து, எறங்குப்பா. டி.வி.ய நிறுத்திட்டேன். கூடலூர்ல எந்த பூத்துன்னு சொல்லு, அங்க போன் போட்டுத் தேவிய இங்கயே கூப்புடச் சொல்றேன். போன் சும்மாதான் இருக்கு, எறங்கு."

அவன் கோபப்படவில்லை. இருபது வருடம் அவளோடு பேசிய அதே மரியாதையோடுதான் சொன்னான்.

"டிக்கெட் எடுத்துட்டனுங்க அக்கா."